முழங்கைக்குள் இரண்டு கம்பி

என் மகள் பெரிய உயரத்திலிருந்து விழவில்லை. இதைச் சொன்னால் ஆட்கள் நம்புவதில்லை. கை முறிந்தது என்றதும் மரத்திலிருந்தா, மதிலிலிருந்தா என்று கேட்பார்கள். அவள் விழுந்தது கடற்கரையில் இழுத்துவிட்டிருந்த ஒரு வள்ளத்திலிருந்து. வாடைக்காலம் முடிகிற நேரம். கடல் இன்னும் சரியாக அடங்காததால் வள்ளங்கள் மணலில் கிடந்தன. எங்கள் ஒடுங்கின ஒழுங்கையில் இருக்கிற பிள்ளைகள் பின்னேரங்களில் அவற்றில் ஏறி நின்று மணலில் குதிப்பார்கள். யார் தூரம் குதிக்கிறார் என்பதுதான் விளையாட்டு. அன்றைக்கு இவள் குதிக்கிற நேரம் பின்னால் நின்ற பிள்ளை இவளுடைய சட்டை நுனியை மிதித்துவிட்டது. வலது கையை ஊன்றி விழுந்தாள். அந்த வள்ளம் என் இடுப்பளவு உயரம்கூட இராது.

அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. அறுபதுகளின் கடைசி என்று வையுங்கள். நாங்கள் திருகோணமலைப் பட்டினத்தில், மாதா கோயில் மணி காதுக்குள் அடிக்கிற தூரத்தில் இருந்தோம். நான் விறாந்தையில் தையல் மிஷின் போட்டுத் தைத்தேன். அவளுடைய அப்பா துறைமுகத்தில், கப்பல்களை இழுத்து வருகிற படகொன்றில் எஞ்சின் டிறைவர். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. அதனால் செல்லம் கொஞ்சம் கூட.

பிள்ளைகள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் யாருடையதோ ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். தைக்கிறவளுக்குக் கண் முதலில் அளவில்தான் போகும். தோளிலிருந்து முழங்கை வரை ஒரு கோடு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கோடு, இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு மடிப்பு. அவளுடைய கையில் அந்த மடிப்பு இடம் மாறி, முழங்கைக்குச் சற்று மேலே இருந்தது. அவள் அழவில்லை. உதடு வெளிறி, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய்தான் திறக்கும். "வள்ளத்தில ஏறாதை ஏறாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்," என்று திட்டத் தொடங்கினேன். திட்டிக்கொண்டே அவளைத் தூக்கினேன், திட்டிக்கொண்டே ஒழுங்கைக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு ராத்தா சத்தம் கேட்டு வந்தார். முஸ்லிம் அக்காமாரை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். கிண்ணியாவில் பிறந்து, கல்யாணம் முடித்துப் பட்டினத்துக்கு வந்தவர். அவருடைய கணவருக்குச் சந்தைப் பக்கம் கடை இருந்தது.

"ஏசினது காணும் புள்ள. ஆஸ்பத்திரிக்கு நடங்க," என்றார் ராத்தா. கொடியில் காய்ந்த துணியொன்றை இழுத்து, பிள்ளையின் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூக்கிக் கட்டினார். வாசலில் நின்ற, கடைச் சாமான் ஏற்றுகிற வானில் எங்களை ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்தார்கள். கடமையிலிருந்த இளம் டொக்டர் அவளுடைய மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். இடது மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வலதுக்கு வந்தார். பிறகு சேர்ஜனைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். நான் பிள்ளையின் வலது கை விரல்களைத் தொட்டேன். கிணற்றுத் தண்ணீருக்குள் வைத்திருந்து எடுத்த விரல்கள் போலக் குளிர்ந்திருந்தன.

சேர்ஜன் யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர், நடுத்தர வயது, குரல் மெல்லிசு. அவரும் நாடியைத் தேடினார். எக்ஸ்றேப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, என்னையும் பார்க்கச் சொன்னார்.

"எலும்பு முறிஞ்சதை ஒட்ட வைக்கலாம். சின்னப்பிள்ளையளின்ர எலும்பு கெதியில ஒட்டும்," என்றார். "ஆனால் முறிஞ்ச துண்டு பின்னுக்குப் போயிட்டுது. மேல் எலும்பின்ர முனை முன்னுக்கு வந்து ரத்தக்குழாயை நெரிக்குது. நாடி பிடிபடேல்லை. கைக்கு ரத்தம் போகாட்டில் தசை செத்துப்போகும். பிறகு விரலெல்லாம் மடங்கினபடி இறுகிப்போகும். அதுதான் எனக்கு இப்ப அவசரம்."

"என்ன செய்வீங்கள் டொக்டர்?"

"மயக்க மருந்து குடுத்து எலும்பை இழுத்து நேராக்கிப் பாப்பன். நிண்டால் நல்லது. நிக்காட்டில் வெட்டித் திறந்து கம்பி வைக்க வேணும்."

அந்த நேரம்தான் அவளுடைய அப்பா வந்தார். துறைமுகத்துக்கு யாரோ சைக்கிளில் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வேலை உடுப்போடு, கையெல்லாம் எண்ணெயோடு நின்றார். சேர்ஜன் முதலிலிருந்து எல்லாவற்றையும் அவருக்கும் சொன்னார். அவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "கம்பி என்ன தடிப்பம் சேர்?" என்றார். சேர்ஜன் காட்டினார். "துருப்பிடிக்காதோ?" துருப்பிடிக்காத உருக்கு என்றார் சேர்ஜன். "ஒரு கம்பியோ ரெண்டோ?" ஒன்றென்றால் துண்டு சுழன்றுவிடும், இரண்டைக் குறுக்கும் மறுக்குமாக ஏற்றினால் அசையாது என்றார். அவளுடைய அப்பா கொஞ்சம் யோசித்து, "ஓம், ரெண்டுதான் சரி," என்று சம்மதம் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல ஏலாது. பிள்ளை கிடக்கிற கிடையில் இந்த மனுசன் கம்பிக்கு அளவு கேட்கிறார் என்று நினைத்தேன். அவருக்கும் பயம் வந்தால் ஏதோ ஒன்று திறக்கும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு நீள மர வாங்கில் இருந்தோம். ராத்தா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். நான் செபமாலையை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் விரல்களையே மணியாக எண்ணிச் செபித்தேன். அவளுடைய அப்பா எழும்புவதும் இருப்பதுமாக இருந்தார். யாராவது கதவைத் திறந்தால் மூன்று பேரும் எழும்புவோம். அற்றென்டன் ஒருவர் வெறும் வாளியோடு வெளியே வந்தாலும் எழும்பினோம்.

சேர்ஜன் கடைசியில் முகத்துணியைக் கழுத்தில் விட்டபடி வந்தார். இழுத்தபோது எலும்பு நேராக வந்ததாம், விட்டதும் திரும்ப வழுகியதாம். அதனால் திறந்து, கண்ணால் பார்த்துப் பொருத்தி, இரண்டு கம்பி ஏற்றியிருப்பதாகச் சொன்னார். இப்போதெல்லாம் வெட்டாமலே, திரையில் எலும்பைப் பார்த்தபடி கம்பி ஏற்றுகிறார்களாம். அன்றைக்கு அந்த வசதி எங்கே.

"நாடி?" என்று கேட்டேன்.

"வந்திட்டுது. முதல்ல மெதுவாய், இப்ப நல்லாய் அடிக்குது."

ராத்தா என் தோளைப் பிடித்து அழுத்தினார். அவளுடைய அப்பா சேர்ஜனின் கையைப் பிடிக்கப் போய், தன் கையிலிருந்த எண்ணெயைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வாட்டில் நேர்ஸ் வந்து வந்து பிள்ளையின் விரல் நகத்தை அமத்திப் பார்ப்பார். அமத்தினால் வெளிறும், விட்டால் ரோசாவாக வர வேண்டும். வந்தால் ரத்தம் ஓடுகிறது. விரல்களை நீட்டி மடக்கச் சொல்லுவார். நோகுதோ என்று கேட்பார். இதைப் பார்த்துவிட்டு நானும் அமத்தத் தொடங்கினேன். நேர்ஸ் போனதும் அமத்துவேன், மருந்து கொடுத்ததும் அமத்துவேன், ஒன்றும் இல்லாவிட்டாலும் அமத்துவேன். பின்னேரம் அவளுடைய அப்பா வந்தால் அவரும் தன் பங்குக்கு அமத்துவார். "அம்மா, எலும்பு நோகேல்லை, நகந்தான் நோகுது," என்று பிள்ளை அழுதாள். நேர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் கட்டிலை விட்டுத் தள்ளி இருக்கச் சொன்னார்.

அந்த நாட்களில் நான்தான் அவளுக்குத் தீத்தினேன். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு என் கையால் சாப்பிட மாட்டேன் என்று நின்ற பிள்ளை, இப்போது குருவிக் குஞ்சாக வாயைத் திறந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் ஆட்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது. சோற்றைக் குழைத்து, மீனில் முள் பார்த்து, சின்னச் சின்ன உருண்டையாகக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே நடந்தது. அவளுடைய சட்டைகளையெல்லாம் வலது தோளில் வெட்டி, தெறியும் துளையும் வைத்துத் தைத்தேன். கட்டுப் போட்ட கையை உள்ளே நுழைக்காமல் மேலால் மூடிப் பூட்டலாம்.

எலும்பு ஒட்டியதும் கம்பிகளை எடுத்தார்கள். கம்பிகளின் நுனி தோலுக்கு வெளியே வளைத்து விடப்பட்டிருந்தது. சேர்ஜன் அவளிடம் பள்ளிக்கூடத்துக் கதை கேட்டார். அவள் தன்னோடு படிக்கிற பிள்ளை வகுப்பில் நித்திரை கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்துவிட்டது. இரண்டாவதுக்கு மட்டும் ஒரு சின்னச் சத்தம் போட்டாள். நான் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. கை பாதி மடிப்பில் நின்றுவிட்டது. நீட்டவும் ஏலாது, மடக்கவும் ஏலாது. சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து, ஒரு வாய் சோற்றை எடுத்து, உயர்த்திக்கொண்டு வருவாள். வாய்க்கு ஒரு சாண் இருக்கும்போது கை நின்றுவிடும். அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு போவாள். அப்படியும் எட்டாது. சோறு சட்டையில் விழும். பிறகு இடது கையால் எடுப்பாள். இடது கையால் சாப்பிடுகிற பிள்ளையை எங்கள் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கரண்டியைக் கொடுத்துப் பார்த்தேன். அதைத் தூக்கித் தூரப் போட்டுவிட்டாள்.

சேர்ஜனிடம் கொண்டுபோனோம். அவர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவளைத் தானாக மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இது வரும்," என்றார். "ஆனால் தானாய் வரவேணும். ஒருத்தரும் தொடக்கூடாது. எண்ணெய் போட்டு உருவுறது, இழுக்கிறது, வாளி தூக்கக் குடுக்கிறது, ஒண்டும் வேண்டாம். விளையாட விடுங்கோ. மாதக் கணக்காய் எடுக்கும். அவசரப்பட்டால் வராமலே போகலாம்."

எங்கள் பக்கத்தில் முறிந்த கைக்கு எண்ணெய் போடாமல் விடுவதென்பது பச்சைப்பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் விடுகிற மாதிரி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, என்ன எண்ணெய் போடுறீங்கள் என்பதுதான். ஒன்றும் போடவில்லை என்றால், பாவம் பிள்ளை என்று அவளுடைய தலையைத் தடவிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் பார்க்கட்டும் என்று விட்டேன். அவளுடைய அப்பாவால் அது ஏலவில்லை. சம்பூரில் நாட்டு மருந்து செய்கிற ஒரு பரியாரியிடம் சொல்லி முறிவெண்ணெய் காய்ச்சுவித்தார். மூதூரிலிருந்து வருகிற லோஞ்சுப் படகில், ஒரு ஆளின் கையில், அது போத்தலில் வந்து சேர்ந்தது. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

அவர் கெட்ட மனுசன் இல்லை. வாழ்நாள் முழுக்க இறுகிப்போன இரும்போடு வேலை செய்தவர். உப்புக்காற்றில் இறுகின பூட்டை எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்ல மெல்ல ஆட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வழிக்குக் கொண்டுவருவார். துறைமுகத்தில் அவருக்கு அதில் பெயர் இருந்தது. அவர் கையால் வழிக்கு வராத ஒன்று அவருடைய சொந்தப் பிள்ளையின் முழங்கையாக இருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை.

நான் காலைப் பூசைக்குப் போகிற நேரம் பார்த்து, எண்ணெய் போட்டு உருவுவது கன நாளாக நடந்திருக்கிறது. ஒரு நாள் தலையிடி என்று பாதியில் எழும்பி வந்தேன். குசினி வாசலில் அவர் சப்பாணி கட்டி இருந்தார், மடியில் பிள்ளை. கையெல்லாம் எண்ணெய் மினுங்கியது. ஒரு கையால் மேல்கையைப் பிடித்து, மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தார். "கொஞ்சந்தான் அம்மா, இன்னும் கொஞ்சந்தான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அவருடைய கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நிற்பதை இரண்டு பேரும் காணவில்லை.

அன்று நான் என்னென்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

அடுத்த நாளே முழங்கை வீங்கிச் சூடாக இருந்தது. சேர்ஜனிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் திரும்ப எக்ஸ்றே எடுத்தார். எலும்புக்கு முன்னால், சதை இருக்க வேண்டிய இடத்தில், படத்தில் ஒரு மங்கல் புகை தெரிந்தது. "தசைக்குள்ள எலும்பு பிடிக்கப் பாக்குது," என்றார். "கரைஞ்சாலும் கரையும். கரையாட்டில் கை இந்த மடிப்பிலயே நிண்டிடும்."

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கதிரையை அவளுடைய அப்பாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார்.

"நீங்கள் எஞ்சின் பாக்கிற ஆள். எஞ்சினை எவ்வளவு ஆட்டினாலும் அது உங்களோட கோவிக்காது. பிள்ளையின்ர கை கோவிக்கும்," என்றார். "இனிக் கொஞ்ச நாள் ஆட்டாமல் தூக்கிக் கட்டி வைப்பம். பிறகு விடுவம். விட்டாப் பிறகு தொட வேண்டாம். பாக்கவும் வேண்டாம்."

"பாக்கவுமோ சேர்?"

"ஓம். நீங்கள் பாத்துக்கொண்டிருந்தால் பிள்ளை கையை இறுக்கி வைச்சிருக்கும்."

ஒரு கிழமை முழுக்க நான் அவரை ஏசினேன். பிறகு அவர் சாப்பாட்டைக் குறைத்ததைக் கண்டு நிறுத்தினேன். அவர் வேலையால் வந்தால் முன்பு பிள்ளையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றித்தான் இறக்குவார். இப்போது தள்ளி நின்று, "என்ன பிள்ளை, பள்ளிக்கூடம் போனனீங்களோ?" என்று வெளியாளைப் போலக் கேட்டார். தலையைத் தடவக்கூட அவருக்குப் பயமாக இருந்தது. பிள்ளை ஒரு நாள் என்னிடம் வந்து, "அப்பாக்கு என்னோட கோவமோ?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

வீக்கம் வற்றிக் கட்டை அவிழ்த்த பிறகு, பார்க்காமல் இருப்பது எப்படி என்று பழக வேண்டியிருந்தது. வருகிறவர்கள் எல்லோரும், "எங்கை பிள்ளை, கையை மடக்கிக் காட்டு பாப்பம்," என்பார்கள். அன்பில்தான் கேட்பார்கள். அவள் கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போய் நிற்பாள். நான் வாசலிலேயே சொல்லத் தொடங்கினேன். "பிள்ளையைப் பாக்க வந்தனீங்கள் எண்டால் வாங்கோ. கையைப் பாக்க வந்தனீங்கள் எண்டால் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ." சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மற்றவர்களை நிறுத்துவது சுகம். என் கண்ணை நிறுத்துவதுதான் பாடு. ஒழுங்கையில் போகிற பிள்ளைகளின் கைகளெல்லாம் என் கண்ணில் பட்டன. எல்லோரும் என்ன சுகமாகக் கையை மடக்குகிறார்கள், ஒருவருக்கும் அது தெரியவில்லையே என்று இருக்கும். சாப்பிடும்போது நான் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவளுடைய அப்பா கூரையைப் பார்த்துச் சாப்பிட்டார். எங்களுக்கு நடுவில் அவள் இடது கையால், தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல் சாப்பிட்டாள். இரவில் பக்கத்தில் படுத்தபடி நான் ஒன்றைத்தான் கேட்டேன். மாதாவே, கை நேராக வர வேண்டாம், அழகாக வர வேண்டாம், வாய்க்கு எட்டினால் போதும்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ராத்தாவின் தங்கைக்குக் கிண்ணியாவில் கல்யாணம். பெண்பிள்ளைகளின் உடுப்பெல்லாம் என் மிஷினில்தான் தைத்தது. போகாமல் இருக்க முடியாது. அன்றைக்குக் கப்பலொன்று வருவதால் அவளுடைய அப்பாவுக்கு லீவு இல்லை. நானும் பிள்ளையும் பஸ்ஸில் போய், பாதையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினோம். பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கிற மிதவை. பிள்ளைக்கு அதில் போவதென்றால் கொண்டாட்டம்.

அவர்களுடைய கல்யாண வீட்டில் சாப்பாடு சகனில்தான். ஒரு பெரிய தட்டு நிறையச் சோறு, மேலே இறைச்சி, கோழி, கத்தரிக்காய், அச்சாறு. அதைச் சுற்றி ஆறு பேர் பாயில் இருந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். தனித்தனிக் கோப்பை கிடையாது. எல்லோரும் ஒரு தட்டில் கை வைப்பதால் அதில் இடது கை வைப்பது பெரிய பிழை. அது எங்கள் பிள்ளைக்கும் தெரியும். எத்தனை தரம் ராத்தா வீட்டில் கண்டிருக்கிறாள்.

பெண்கள் பக்கத்தில் பாய் விரித்தபோதுதான் எனக்கு அது யோசனையில் வந்தது. நான் ராத்தாவைத் தனியே கூப்பிட்டேன்.

"ராத்தா, பிள்ளைக்கு ஒரு கோப்பையில கொஞ்சம் போட்டுத் தாங்கோ. நான் அங்கால வைச்சுத் தீத்துறன்."

ராத்தா பிள்ளையைத் தேடினார். அவள் ஏற்கெனவே அங்கத்தைய சின்னப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு ஒரு சகனைச் சுற்றி இருந்துவிட்டாள்.

"உடுங்க புள்ள," என்றார். "புள்ளைகளோட புள்ளையா இருக்கட்டும்."

"கை எட்டாது ராத்தா. பசியோட எழும்பும்."

"பசிச்சா நான் புறகு குடுக்கன். நீங்க இங்கால இரிங்க." என்னைப் பிடித்துப் பெண்களின் சகனில் இருத்திவிட்டுப் போய்விட்டார்.

நான் இருந்த இடத்திலிருந்து இரண்டு பெண்களின் தோள்களுக்கு நடுவால் பிள்ளைகளின் சகன் தெரிந்தது. பார்க்கக்கூடாது என்று குனிந்தேன். குனிந்தபடியே பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கும் இவளுடைய முழங்கைக் கதை தெரியாது. ஒருவரும் இவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் கோழித் துண்டைத்தான் பார்த்தார்கள். சோறு குறைந்துகொண்டே போனது. இவள் இடது கையைச் சட்டை மடிப்புக்குள் செருகிக்கொண்டு, வலது கையால் ஒரு வாய் அள்ளினாள். முதல் வாய்க்கு முதுகை வளைத்து முகத்தைச் சோற்றுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பாதி சிந்தியது. பக்கத்துப் பிள்ளை ஏதோ சொல்லிச் சிரிக்க, இவளும் சிரித்துக்கொண்டு அடுத்த வாயை அள்ளினாள். யாரோ இவளுடைய பக்கத்துக்கு ஒரு இறைச்சித் துண்டைத் தள்ளிவிட்டார்கள். அதை மற்றவள் எடுக்க முதல் எடுத்துவிட வேண்டும். எடுத்தாள். நிமிர்ந்தபடி கையை மடக்கினாள். வழக்கமாக நிற்கிற இடத்தில் கை நிற்கவில்லை. கொஞ்சம் நடுங்கிக்கொண்டு மேலே வந்து, துண்டு வாய்க்குள் போனது.

அவளுக்கு அது தெரியவே இல்லை. மென்றுகொண்டே அடுத்ததுக்குக் கை நீட்டினாள்.

என் கண்ணால் தண்ணீர் ஓடியது. பக்கத்தில் இருந்த பெண், "என்ன மகள், கறி உறைப்பா?" என்று கேட்டார். "ஓம், கொஞ்சம் உறைப்புத்தான்," என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தார். வாசலில் நின்ற ராத்தாவைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் பாதையில் நின்று தண்ணீரைப் பார்த்தாள், பஸ்ஸில் நித்திரையானாள்.

வீட்டுக்கு வந்தபோது அவளுடைய அப்பா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். குசினிக்குள் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "உண்மையாவோ? நீர் கண்டனீரோ?" என்று கேட்டுவிட்டு அறைப்பக்கம் திரும்பினார். நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"கேக்கக்கூடாது. பாக்கவும் கூடாது. சொன்னது ஞாபகம் இருக்கோ?"

"ஒருக்கா. ஒரே ஒருக்கா."

"இல்லை."

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புட்டும் மீன் சொதியும் எடுத்து வைத்தேன். கல்யாண வீட்டுச் சாப்பாடு செமிக்க முதலே அவளுக்குப் பசித்துவிட்டது. அவளுடைய அப்பா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். கூரையைப் பார்த்தால்கூடக் கண் வழுகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் என் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். புட்டில் சொதி ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிள்ளை குழைக்கிற சத்தம் கேட்டது. எந்தக் கை என்று தெரியவில்லை. அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இருந்தார். அவருடைய முதுகு முழுக்கக் காதாக இருந்தது.

"அப்பா," என்றாள் பிள்ளை.

"ஓம் பிள்ளை."

"நீங்கள் பாக்கலாம்."

அவர் உடனே திரும்பவில்லை. கோப்பையை யன்னலில் வைத்துவிட்டு, கதிரையோடு மெல்லத் திரும்பினார். அவள் வலது கையால் புட்டை உருட்டி வாயில் வைத்துக் காட்டினாள். பிறகு அவள் இன்னொரு வாயை உருட்டி, எழும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்று, அவருக்குத் தீத்துவதற்குக் கையை நீட்டினாள். கை முழுக்க நீளவில்லை. மிச்சத் தூரத்துக்கு அவர் குனிந்தார்.